மேபரியின் முழங்கால்

ஏப்ரல் பிறந்துவிட்டால் டுவேன் பிலார்ஸ்கியின் வாயை யாராலும் மூட முடியாது. டோலிடோ ஹெரான்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி பனிக்காலம் முழுக்கத் தோற்றுவிட்டு ஓய்ந்திருக்கும். கல்லூரிப் பையன்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கிக்கொள்ளும் டிராஃப்ட் நாள் நெருங்க நெருங்க, அந்தத் தோல்வியெல்லாம் மறந்துபோய் டுவேனுக்குப் புது ரத்தம் ஊறும். யாரை எடுக்க வேண்டும், யாரை விற்றுத் தள்ள வேண்டும் என்று பகலில் கான்கிரீட் லாரி ஓட்டிக்கொண்டே யோசிப்பான். சாயங்காலம் வீட்டு நிலவறையில் மைக்கை முன்னால் வைத்துக்கொண்டு அதையே ஊருக்குச் சொல்வான். 'ஹெரான் கூடு' என்ற அவனுடைய இணைய நிகழ்ச்சியைப் பார்க்கவும் ஆள் இருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஜோலீன் ஸாபோ வந்திருந்தாள். டுவேனின் மனைவி ரோசானுக்கு அவள் அக்கா. விவாகரத்துக்குப் பிறகு ஞாயிறுதோறும் அவளுக்குச் சாப்பாடு அங்கேதான். அவளும் ஹெரான்ஸ் ரசிகைதான்; அப்பா தோளில் உட்கார்ந்து மைதானத்துக்குப் போன காலத்திலிருந்தே. ஆனால் அவளுக்கு ஆட்டத்தைப் பார்க்கப் பிடிக்கும். ஆட்டம் இல்லாத மாதங்களில் ஆளை நிறுத்துப் பார்க்கும் பேச்சு பிடிக்காது.

"டிராஃப்ட் வரிசையில பதினொண்ணாவது இடத்துல இருந்துக்கிட்டு நமக்கு என்ன கிடைக்கும்? ஒண்ணும் கிடைக்காது," என்றான் டுவேன், வாயில் உருளைக்கிழங்கோடு. "மேபரியைக் கொடுக்கணும். நம்ம பதினொண்ணையும் சேர்த்துக் கொடுக்கணும். நாலாவது இடத்துக்கு ஏறிப் போயி அந்த ஐயோவா காலேஜ் பையனைத் தூக்கணும். அவ்வளவுதான் கணக்கு."

"மேபரியையா? போன வருஷம் அவன் ஒருத்தன்தானே ஒழுங்கா ஆடினான்," என்றாள் ரோசான்.

"ஆடினான். இப்ப ஆடுவானா? டிசம்பர் கடைசி ஆட்டத்துல காலைத் தாங்கித் தாங்கி நடந்தான், பார்த்தீல்ல?" டுவேன் முள்கரண்டியை ஜோலீன் பக்கம் நீட்டினான். "இதோ, கேட்டா சொல்ல ஆள் வீட்டுலயே இருக்கு. என்ன ஜோ, உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தானா இல்லையா?"

ஜோலீன் எலும்பு மூட்டு மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள். அங்கே யார் வருகிறார்கள் என்று அவள் கட்டிய கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

"முட்டைக்கோஸை இந்தப் பக்கம் தள்ளு," என்றாள்.

"பார்த்தியா! இல்லைன்னு சொல்லல!"

"ஆமான்னும் சொல்லல. உங்க அம்மா வந்தாங்களான்னு ஊர்ல எவனாவது கேட்டாலும் இதேதான் சொல்வேன். தள்ளு அதை."

டுவேன் சிரித்துக்கொண்டே பாத்திரத்தைத் தள்ளினான். பேச்சு அதோடு முடிந்தது என்று ஜோலீன் நினைத்தாள்.

புதன்கிழமை காலை மேலாளர் திருமதி ஹோல்கம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். உள்ளே மனிதவளப் பிரிவிலிருந்து அவள் அறியாத ஒருவரும் இருந்தார். மேசைமேல் இருந்த கணினியை ஹோல்கம் அவள் பக்கம் திருப்பினாள். அதில் டுவேனின் முகம். பின்னால் நிலவறைச் சுவரில் ஹெரான்ஸ் கொடி.

"மேபரியோட முழங்கால் முடிஞ்சுபோச்சு, மக்களே. எங்கேயோ கேட்டதைச் சொல்லல. அந்த ஆஸ்பத்திரி வாசல்லயே எங்க குடும்பத்து ஆள் உட்கார்ந்திருக்கு. மூஞ்சைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டேன். இதுக்கு மேல கேட்காதீங்க."

ஜோலீனுக்குக் காது சூடாகியது.

"இவர் உங்களுக்கு உறவா?" என்று கேட்டாள் ஹோல்கம்.

"தங்கச்சி புருஷன். நான் எதுவும் சொல்லலைங்க. ஒரு வார்த்தை சொல்லல."

"மேபரி தரப்பு வக்கீல் போன் பண்ணிட்டார். ரெண்டு டிவிக்காரங்க போன் பண்ணிட்டாங்க. விசாரணை முடியறவரைக்கும் நீங்க வீட்டுல இருக்கிறது நல்லது."

"அவன் வந்தானா இல்லையான்னே நான் யார்கிட்டயும்..."

"தெரியும், ஜோலீன். ஆனா ஆஸ்பத்திரி விதின்னு ஒண்ணு இருக்கில்ல."

காவலாளி அவளோடு மேசைவரை வந்தான். பத்தொன்பது வருடமாக அவளுக்குக் காலை வணக்கம் சொன்னவன், இப்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கோப்பையையும் மூக்குக்கண்ணாடியையும் பையில் போட்டாள். ஊன்றுகோல்களோடு காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் பார்த்தார்கள். அவளோடு வேலை பார்த்த பெண்கள் கணினித் திரைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். திருட்டுப் பொருளோடு பிடிபட்டவளைப் போல அவள் வாசல்வரை நடத்திக் கூட்டிப் போகப்பட்டாள்.

கார் நிறுத்தத்திலிருந்தே டுவேனுக்குப் போன் போட்டாள்.

"ஜோ! பார்த்தியா? நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்காங்க! சிகாகோ ரேடியோவுல நம்ம பேரைச் சொன்னாங்க!"

"என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க, டுவேன்."

அவன் லாரியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் உன் பேரைச் சொல்லலையே," என்றான்.

"ஆஸ்பத்திரி வாசல்ல உட்கார்ந்திருக்க உனக்கு எத்தனை குடும்பம்டா இருக்கு?"

"சரி, கத்தாதே. நீ சிம்பிளா ஒண்ணு பண்ணு. அவன் முட்டி நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, நான் மாத்திப் போட்டுடறேன்."

ஜோலீன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை அதையே பார்த்தாள். அவன் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தான். முழங்கால் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் அவள் மேபரியின் பதிவைப் பார்த்ததாக ஆகிவிடும்; கெட்டுப்போயிருக்கிறது என்றாலும் அதேதான். மேபரி அந்த மருத்துவமனை வாசலை மிதித்ததே இல்லை என்றால்கூட அதுவும் ஒரு தகவல்தான். அவளுக்காக அவளே வாயைத் திறக்க முடியாதபடி ஒருத்தன் கட்டிப்போட்டுவிட்டு, சிம்பிளாக ஒரு வார்த்தை கேட்கிறான்.

"நீ ஒரு பொய் சொன்னே. அதைப் பொய்னு நீ சொல்லு," என்றாள்.

"பொய்னு எப்படிச் சொல்ல முடியும்? உண்மையா இருந்துட்டா?"

அவள் போனை வைத்தாள். காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் குத்தினாள். ஹாரன் அலறியதில், கட்டுப்போட்ட காலோடு போய்க்கொண்டிருந்த ஒரு கிழவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "மன்னிச்சுக்கங்க," என்று கண்ணாடியை இறக்கிச் சொன்னாள். அதன் பிறகுதான் அழுகை வந்தது.

மறுநாள் வியாழன், டிராஃப்டின் முதல் சுற்று. ஸ்டாஷ் மதுக்கடையின் பின்கூடத்தில் பெரிய திரை கட்டி, டுவேன் தன் நிகழ்ச்சியை அங்கிருந்தே நேரலையாக நடத்துவதாக ஏற்பாடு. ஹெரான்ஸின் ஊதாச் சட்டை போட்டு ஊரே வந்திருந்தது. முன்பெல்லாம் அவனுக்கு இருபது பேர் கைதட்டுவார்கள். அன்று அவன் உள்ளே வந்தபோது கூடம் எழுந்து நின்றது. எல்லாம் அந்த முழங்கால் புண்ணியம்.

ஜோலீன் அங்கே போகும்போது சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. வாசலில் ரோசான் அவள் கையைப் பிடித்தாள். "ஜோ, வேண்டாம். வீட்டுக்குப் போய் நான் பேசிக்கிறேன்."

"நீ வீட்டுல பேசு. அவன் ஊர்ல பேசினான், நான் ஊர்ல பேசறேன்."

நேராக மேடைக்குப் போனாள். டுவேன் அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்து, உடனே சமாளித்துக்கொண்டு, "அட, எங்க வீட்டு ஆளே வந்தாச்சு!" என்றான். அதைவிடக் கேவலமாக அவன் எதையும் சொல்லியிருக்க முடியாது. அவள் மைக்கை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நான்தான் அந்த ஆஸ்பத்திரி வாசல்ல உட்கார்ந்திருக்கிறவ," என்றாள். "இவன் என்னைக் கேட்டான். நான் முட்டைக்கோஸைத் தள்ளுன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. மிச்சம் எல்லாம் இவன் தலையில முளைச்சது. அதை நீங்க எல்லாரும் ஊரெல்லாம் பரப்பினீங்க. நேத்து என்னைக் காவலாளியோட வெளிய அனுப்பினாங்க."

முன்வரிசையில் சிலர் கோப்பையைக் கீழே வைத்தார்கள். ஒரு விநாடி, தான் சொன்னது அவர்களைத் தொட்டுவிட்டது என்றே நினைத்தாள். பின்வரிசையிலிருந்து ஒரு தடித்த குரல் கேட்டது.

"அதெல்லாம் இருக்கட்டும்மா, முட்டி நல்லாருக்கா இல்லையா?"

சிரிப்பு. இன்னொருத்தன், "எம்ஆர்ஐ எடுத்தாங்களா, அதையாவது சொல்லுங்க!" என்றான். "தலையை மட்டும் ஆட்டுங்க, போதும்!" என்றாள் ஊதாத் தொப்பி போட்ட ஒரு பெண், கெஞ்சுகிற மாதிரி.

 ஜோலீன் முன்னால் இருநூறு முகங்கள். அத்தனையும் அவள் தலை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தன. அசையாமல் நின்றாள். கழுத்து வலித்தது.

அப்போதுதான் திரையில் செய்தி ஓடியது. ஹெரான்ஸ் மேபரியை டெக்சஸ் அணி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்குக் கிடைத்தது மூன்றாவது சுற்றில் ஒரே ஒரு இடம். ஐயோவா பையனும் இல்லை, நாலாவது இடமும் இல்லை. முழங்காலைப் பற்றிய பேச்சால் மற்ற அணிகள் பின்வாங்கிவிட்டதாகத் திரையில் ஒருவர் சொன்னார்.

கூடம் வெடித்தது. பீர்க் கோப்பைகள் மேசையில் மோதின. "மூணாவது சுற்றா! இதுக்கு அவனைச் சும்மாவே கொடுத்திருக்கலாம்!" "அந்த டீம் மேனேஜரைத் துரத்துங்கடா!" எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன் டுவேன். கழுத்து நரம்பு புடைக்க, கையை ஆட்டி ஆட்டிக் கத்தினான். "கொள்ளை! பட்டப்பகல் கொள்ளை! அப்படி ஒரு ஆட்டக்காரனை எவனாவது இந்த விலைக்குக் கொடுப்பானா?"

மைக் இன்னும் ஜோலீன் கையில்தான் இருந்தது.

"விலையை இறக்கினது யாருடா?" என்றாள்.

அவ்வளவு சத்தத்திலும் அது கேட்டது. டுவேன் பாதிக் கத்தலில் நின்றான்.

"யார் இறக்கினது? மேனேஜரா? நாலு நாளா முட்டி போச்சு, முட்டி போச்சுன்னு கூவினது யாரு? கேட்டுக் கைதட்டினது யாரு? உங்க ஆளை நீங்களே ஒண்ணுத்துக்கும் ஆகாதவன்னு சொல்லிட்டு, இப்ப வாங்கினவன் ஏமாத்திட்டான்னு அழறீங்க. அவனுக்கும் இந்த ஊர்ல வீடு இருக்கு. அவனும் இதைத் திரையிலதான் பார்த்திருப்பான், நீங்க பார்த்த மாதிரியே."

யாரோ ஊளையிட்டார்கள். யாரோ ஒரு பொட்டலத்தை எறிந்தார்கள். அது மேடைக்கு வந்து சேரவில்லை. ரோசான் மட்டும் கதவோரம் நின்று தன் கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் சிமிட்டாமல். அதற்குள் திரையில் பதினொன்றாவது இடத்தின் முறை வந்தது. இருநூறு முகமும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. ஜோலீன் மைக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். பின்னால் யாரோ ஒரு கல்லூரிப் பையனின் பெயரைச் சொன்னார்கள். பாதிக் கூடம் ஆரவாரித்தது, பாதிக் கூடம் ஏசியது.

அன்றைக்கு வீட்டில் ரோசான் என்ன பேசினாளோ, அது அவர்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். சனிக்கிழமை டுவேன் நிகழ்ச்சியில் வந்து உட்கார்ந்தான். சவரம் செய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்தப்பட்டவனைப் போல, "அந்த விஷயம் எனக்கு யாரும் சொல்லல. நானா சொன்னேன். அது தப்பு," என்றான். அதைப் பார்த்தவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை.

அடுத்த வாரம் ஹோல்கம் போனில் கூப்பிட்டாள். நோயாளிகளின் பதிவுகளை யார் திறந்தாலும் கணினி காட்டிவிடும். ஜோலீன் தனக்கு வேண்டாத எதையும் திறக்கவே இல்லை. "திங்கட்கிழமை வந்துடுங்க," என்றாள் ஹோல்கம், ஒன்றுமே நடக்காதது போல.

"வர்றேன். ஆனா நீங்க ஒண்ணு பண்ணணும்," என்றாள் ஜோலீன். "எல்லார் முன்னாடியும் என்னை வெளிய அனுப்பினீங்க. எல்லார் முன்னாடியும் உள்ள கூப்பிடுங்க."

"அதுக்கு அவசியம் இருக்கா?"

"இருக்குங்க."

திங்கட்கிழமை காலை, காத்திருப்புக் கூடத்தில், ஊழியர்கள் அத்தனை பேரையும் நிற்கவைத்து, ஹோல்கம் விறைத்த குரலில் இரண்டு வாக்கியம் சொன்னாள். ஜோலீன்மேல் எந்தத் தவறும் இல்லை. அவளுக்கு நேர்ந்ததற்கு நிர்வாகம் வருந்துகிறது. அந்தக் காவலாளி முதல் ஆளாகக் கைதட்டினான். ஜோலீனுக்கு அவனைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. உட்கார்ந்து, முதல் நோயாளியின் பெயரைக் கேட்டாள்.

மேபரி டெக்சஸில் அந்தப் பருவம் முழுக்க ஓர் ஆட்டம்கூட விடாமல் ஆடினான். நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாளன்று, ரோசான் வீட்டுத் தொலைக்காட்சியில் அவன் எதிரணிக்காரன் ஒருவனைத் துரத்திப் போய்ப் புல்லில் சாய்த்தான். எழுந்து துள்ளினான். ஜோலீன் அந்த வீட்டுக்கு ஏழு மாதம் கழித்து அன்றுதான் வந்திருந்தாள், தங்கை கெஞ்சியதால்.

"பார்த்தீங்களா!" என்றான் டுவேன், வான்கோழியை அறுத்துக்கொண்டே. "நான் அப்பவே சொன்னேன், அவனைக் கொடுக்கக் கூடாதுன்னு. கல்லு மாதிரி முட்டி. அந்த மேனேஜர் பண்ணின வேலை..."

ஜோலீன் தட்டைக் கீழே வைத்தாள்.

டுவேன் கத்தியை நிறுத்தினான். பிறகு, ஏதோ சமாதானம் பேசுவதைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவள் பக்கம் சாய்ந்தான். "இப்பதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே, ஜோ. இனிமே யாருக்கும் நஷ்டம் இல்ல. எனக்கு மட்டும் சொல்லு. அவன் வந்தானா, இல்லையா?"

ஜோலீன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழப் போனாள். ரோசான் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"நீ உட்காரு," என்றாள். "டுவேன், உன் தட்டை எடுத்துக்கோ."

"எதுக்கு?"

"எடுத்துக்கோ. கராஜுக்குப் போ."

"வெளிய பனி பெய்யுது, ரோஸ்!"

"கோட்டு மாட்டிக்கோ."

அவன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். தட்டை எடுத்தான். போகிற போக்கில் குழம்பும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான். கதவு சாத்திய சிறிது நேரத்தில், கராஜில் கார் ரேடியோவில் அதே ஆட்டத்தின் வர்ணனை கேட்டது. அதற்கு மேலே, ஹெரான்ஸ் மேனேஜரைத் திட்டும் டுவேனின் குரலும்.