கிழக்கே அக்கா

"ஒரே ஒரு நாள் லீவு போட்டா குடி முழுகிப் போயிடுமா?"

"அக்கா வீடுன்னு முழுசாச் சொல்லியிருந்தா நான் எதுக்குடி லீவு போடணும்? வாய் வலிச்சுதா?"

"வாய்ல குண்டூசி இருந்துச்சு."

"அப்போ அனுபவி."

கண்டக்டர் அக்கா தோள்பையை மாட்டிக்கொண்டு ஆறு மணி பஸ்சில் ஏறினாள். அவள் தங்கையான தையல்காரியின் மனைக்குக் கிழக்கு எல்லையாக இருந்த இரண்டு கற்களும் வழக்கம்போல மண்ணிலிருந்து கழன்று பஸ்சுக்குப் பின்னால் போயின.

நில உரிமைப் பதிவேடு ஊருக்கு வந்த வருஷம் அது. அதுவரை எது யார் வீடு என்பது ஊர் வாயில்தான் இருந்தது. தபால் ஆபீசுக்கு மேலே மாடியறையில் ஒரு மின்விசிறியும் ஒரு தடித்த புத்தகமுமாக உட்கார்ந்த குமாஸ்தா, எல்லோரையும் கூப்பிட்டு நான்கெல்லை கேட்டு எழுதினார். பாதித் தையலில் எழுந்து ஓடிய தையல்காரி, பல்லிடுக்கில் குண்டூசியோடு, "வடக்கே ரோடு, தெற்கே வாய்க்கால், மேற்கே மாவு மில், கிழக்கே அக்கா" என்றாள். குமாஸ்தா சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறவர். பதிவேடு எழுதியதை எழுதியபடி நடத்துகிறது. பிறகு 'வீடு' என்று இடுக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். கட்டத்தில் இடமில்லாமல் அந்த எழுத்துகள் வழுக்கி மேஜையில் விழுந்தன. குமாஸ்தா துடைத்துப் போட்டார்.

ஆகவே தினமும் ஏழு மணிக்கு மனை சந்தை வரைக்கும், எட்டுக்கு ஆற்றுப்பாலம் வரைக்கும், மதியம் நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கடைசி ஸ்டாப் வரைக்கும் நீண்டது. இடையில் இருந்த இரண்டு பள்ளிக்கூடமும் ஒரு சலூனும் தையல்காரியின் முற்றத்துக்குள் வந்து, பொழுது சாய்வதற்குள் வெளியே போயின. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. வழியில் பார்ப்பவர்கள், "உங்க இடத்துலதான் நின்னுட்டிருக்கேன், ஜாக்கெட் தைச்சாச்சா?" என்று போனில் விசாரித்தார்கள். வெட்டுவதற்கு முன் நனைத்த துணியைக் காயப்போடும் கொடியின் ஒரு முனை எல்லைக்கல்லில் கட்டியிருந்ததால் அதுவும் கூடவே நீண்டது. தூறல் விழுந்தால் கண்டக்டர் அக்கா விசில் ஊதி பஸ்சை நிறுத்தி, துணிகளை உருவி உள்ளே போட்டுக்கொண்டாள். அதை வீட்டில் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

சர்வேயருக்குத்தான் கஷ்டம். மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் டேப் தீர்ந்துபோயிற்று. "எல்லை நின்னாத்தாம்மா அளக்க முடியும். மாசக் கடைசிக்குள்ள அளக்காத இடமெல்லாம் பொது நிலம்." இருபது வருஷமாக மிஷின் மிதித்த வீடு பொது நிலமாகிவிடும் என்று தையல்காரி இரண்டு நாள் நூல் கோக்காமல் உட்கார்ந்திருந்தாள். அக்காவோ வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து லீவு என்ற வார்த்தையே அறியாதவள்.

சண்டை போட்டுவிட்டுப் போன அந்த நாள்தான் மாசக் கடைசி. சர்வேயர் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு டீயை ஆற்றினார். ஒன்பது மணிக்கு, அந்தத் தெருவில் ஸ்டாப்பே இல்லாத பஸ், நாற்பது பேரோடு வந்து வாசலில் நின்றது. பின்னாலேயே கற்கள் வந்தன.

"லீவெல்லாம் இல்ல. பஞ்சர்," என்று இறங்கினாள் அக்கா. சர்வேயர் சுற்றிவந்து பார்த்தார். ஆறு டயரிலும் காற்று இருந்தது.

அவள் பழைய எல்லைக்கோட்டில் நிற்கவில்லை. தன் முற்றத்துக்குள் எட்டடி உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கற்களும் அங்கேயே இறங்கின.

"அக்கா, அது உன் இடம்."

"வாங்கணும்னு சொல்லிட்டிருக்கியே, அந்த ரெண்டாவது மிஷினை எங்க போடுவ, என் தலையிலயா? அளக்கச் சொல்லு, வண்டி நிக்குது."

பட்டா வந்தது. அதில் பரப்புக்கு நேரே, 'அக்கா வீட்டில் இருக்கும்போது' என்று எழுதிச் சதுர அடி போட்டிருந்தது. எட்டடியில் அறை எழும்பியது, இரண்டாவது மிஷின் வந்தது. மறுவருஷம் அக்காவைக் கடற்கரை ரூட்டுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து மதிய வேளைகளில் தையல்காரியின் முற்றம் அலையில் போய் முடிந்தது, ஜன்னல் வழியே உப்புக்காற்று வந்தது, கொடியில் கிடந்த துணிகள் படபடத்தன. அவள் மிஷினை நிறுத்தி, ஒரு துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குண்டூசியை வாயிலிருந்து எடுத்து, கொடி போகும் திசையில் சொன்னாள்.

"அக்கா, இன்னும் ஒரு பத்து நிமிஷம் அங்கேயே நில்லேன். ஓரம் மட்டும் ஈரமா இருக்கு."