ஒரு மார்க் குறைச்சல்

இரண்டாமாண்டு வேதியியல் மாணவர்கள் ஹாலினா போய்சக்குக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'மைனஸ் ஒண்ணு'. ஜனவரியில் மைனஸ் முப்பத்தைந்தைத் தொடும் சஸ்காச்சுவான் மாகாணத்து ஊரில் மைனஸ் ஒன்று என்றால் தொப்பியைக் கழற்றிவிட்டு நடக்கலாம். ஹாலினாவின் மைனஸ் ஒன்று அப்படி இதமானதல்ல. சோதனை அறிக்கையில் அறையின் நிலையை எழுதாதவர்களுக்கு அவள் தயவு தாட்சண்யம் பார்க்காமல் ஒரு மார்க் குறைப்பாள். எத்தனை மணிக்குத் தொடங்கினாய், அறை எத்தனை டிகிரி, ஹூட்டில் காகிதம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, எல்லாம் வேண்டும். இல்லையென்றால் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் "நிலை குறிக்கப்படவில்லை: -1". அழுதாலும் திருப்பித் தர மாட்டாள்.

ஹூட் என்பது ஆய்வகச் சுவரோரம் நிற்கும் கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி. உள்ளே கரைப்பான்களைக் கையாண்டால், மேலேயிருக்கும் விசிறி ஆவியை உறிஞ்சிக் கூரைக்கு வெளியே துப்பிவிடும். விசிறி நின்றால் கத்துவதற்கு அலாரம் உண்டு. அது வருஷக்கணக்காகக் காரணமில்லாமல் கத்தியதில் யாரோ அதன் வாயில் டேப் ஒட்டிவிட்டார்கள். அதனால் அந்த மாடியில் எல்லோரும் நம்பியது கதவின் அடிவிளிம்பில் ஒட்டிய ஒரு விரல் அகல டிஷ்யூத் துண்டைத்தான். உள்பக்கம் சாய்ந்தால் காற்று இழுக்கிறது. நேராகத் தொங்கினால் இழுக்கவில்லை. இதற்குப் பட்டம் ஒன்றும் வேண்டியதில்லை.

ஹாலினா முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டு. வாரத்தில் மூன்று நாள் இளநிலை மாணவர்களுக்கு ஆய்வகம் நடத்தும் டி.ஏ. என்ற உதவியாசிரியர் வேலைதான் அவளுடைய வாடகையும் ரொட்டியும். அடுத்த ஆண்டுக்கான டி.ஏ. பட்டியல் ஏப்ரலில் வரும். அதில் பெயர் இல்லையென்றால் பாதியில் நிற்கும் ஆய்வை அப்படியே போட்டுவிட்டு அப்பாவின் கனோலா வயலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஒன்றரை மணிக்கு எட்டு ஹூட்களிலும் எட்டுக் காகிதங்களும் ஆணியடித்த மாதிரி நேராகத் தொங்கின. பதினெட்டு மாணவர்கள் பாட்டில்களைத் திறந்து வைத்திருந்தார்கள். இனிப்பான ஒரு வாடை எழும்பத் தொடங்கியிருந்தது. ஹாலினா எல்லா பாட்டிலையும் மூடச் சொல்லி, பிள்ளைகளை வெளியே அனுப்பினாள். பாடத்தின் பொறுப்பாளர் டாக்டர் விட்காம் ஓடி வந்தார்.

"என்ன இது, தீபாவளியா, எல்லாரும் வெளியில நிக்கிறாங்க" என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தீபாவளி தெரியாது. ஆனால் அதே தொனியில்தான் கேட்டார்.

"விசிறி ஓடலை, டாக்டர்."

"ஜன்னலைத் திறந்து விடு."

"வெளியே மைனஸ் முப்பத்தொண்ணு."

"கோட் போட்டுக்கட்டும். இந்தச் சோதனை இன்னிக்கு முடியலைன்னா மொத்த அட்டவணையும் படுத்துடும்."

ஹாலினா ஒரு மாதம் முன்பு டி.ஏ.க்களின் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். பீட்சாவுக்காகத்தான் போனாள், அதை அவள் மறைத்ததில்லை. ஆனால் மூன்றாவது துண்டைத் தின்றபோது மேடையில் சொன்னது காதில் விழுந்திருந்தது. ஆபத்தான வேலையை மறுக்கச் சட்டத்தில் உரிமை உண்டு. ஆனால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

"இது பாதுகாப்பில்லாத வேலை. நான் செய்ய மறுக்கிறேன்" என்றாள். கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நேரம் எழுதினாள்: 1.42.

"அப்ப வீட்டுக்குப் போ" என்றார் விட்காம்.

அவள் போகவில்லை. கீழ்த்தளத்துக்குப் போய்ப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்குள் ஜன்னல்கள் திறந்திருந்தன, மாணவர்கள் உள்ளே போயிருந்தார்கள், அவள் இடத்தில் டோபென்னா நின்றிருந்தான். நைஜீரியாவிலிருந்து வந்தவன், அவளோடு ஒரே அறையில் ஆய்வு செய்பவன், குளிர்காலத்தை ஜென்மப் பகையாக நினைப்பவன். ஹாலினா ஆய்வக வாசற்கதவின் கண்ணாடியைத் தட்டி, காகிதத்தைச் சுட்டிக் காட்டினாள். டோபென்னா அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஹாலினா நடைபாதை நாற்காலியில் வகுப்பு முடியும் வரை மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். விட்காமை விட டோபென்னா மேல்தான் அவளுக்கு அதிகமாக வயிறு எரிந்தது.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை, வகுப்பை விட்டு விலகியது, அடுத்த வெள்ளி விசாரணை, அதுவரை வகுப்பெடுக்க வேண்டாம்.

சங்கப் பிரதிநிதி ரெமி லாலிபெர்ட் வரலாற்றுத் துறை மாணவன். வடக்கே ஏரிக்கரை மேட்டி பூர்வகுடிக் குடும்பத்தில் பிறந்தவன். வேதியியலில் அவனுக்குத் தெரிந்தது காபியில் சர்க்கரை கரையும் என்பது வரைதான். சிற்றுண்டிச் சாலையில் கடிதத்தை இரண்டு முறை படித்தான்.

"உள்ள போனா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, தாயே. விளக்கம் கொடுக்காத."

"விளக்கம் கொடுத்துத்தான் நாங்க சம்பளமே வாங்குறோம்."

"அதான் பயமா இருக்கு. வெல்டர் ஒருத்தர் விசாரணைக்குப் போனா வாயை மூடிட்டு உட்காருவாரு. உங்க ஆளுங்க அடிக்குறிப்போட பதில் சொல்லி மாட்டிக்கிறீங்க."

"டோபென்னாவைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்லலாமா?"

ரெமி தலையாட்டி மறுத்தான். "நானும் செப்டம்பர்லேருந்து உறுப்பினர் அட்டையைத் தூக்கிட்டு அவன் பின்னாடி அலையறேன். சந்தாதான் சம்பளத்துல பிடிக்கிறீங்களே, பேரு எதுக்குன்னு கேக்கறான். படிப்பு அனுமதி புதுப்பிக்கிற நேரம், ஒரு பட்டியல்லயும் பேரு வேணாங்கறான். அவனை நெருக்கக்கூடாது."

"மாணவர்களைக் கேட்டா?"

"அதுங்களுக்குக் கடைசி மார்க் போடறது யாரு? விட்காம். விட்டுடு."

ஆக, ஹாலினாவிடம் மிஞ்சியது அவளுடைய வாய்மொழி மட்டும். எதிர்த்தரப்பின் கையில் இருந்தது ஹூட்டின் மேல் ஒட்டியிருந்த பச்சை வில்லை, செப்டம்பரில் சோதித்துச் சரி என்று முத்திரை குத்தியது. புதன்கிழமை காலையில் பாதுகாப்பு அலுவலக ஆள் வந்து பார்த்தபோது விசிறி ஜோராக ஓடியதாம். ஓடாமல் என்ன? ராத்திரியோடு ராத்திரியாகச் சரி செய்திருப்பார்கள் என்றாள் ஹாலினா. நிரூபி என்றான் ரெமி.

வெள்ளிக்கிழமை விசாரணை நிர்வாகக் கட்டடத்தில், பாதம் புதைகிற கம்பளம் விரித்த அறையில் நடந்தது. பணியாளர் பிரிவிலிருந்து பிரைஸ் அம்மையார் வந்திருந்தார், நிதானமானவர், கோப்புக் கட்டை நேராக வைத்துவிட்டுத்தான் பேசுவார். பக்கத்தில் விட்காம். நடுவில் ஒரு தட்டு டோனட். யாரும் தொடவில்லை. ரெமி மட்டும் இரண்டு எடுத்துக்கொண்டான்.

"காகிதம் தொங்குச்சுன்னு நீங்க சொல்றீங்க" என்றார் பிரைஸ் அம்மையார்.

"ஆமாம்." ரெமி மேசைக்கடியில் காலை மிதித்ததால் அத்தோடு நிறுத்தினாள்.

"டாக்டர் விட்காமுக்கு அப்படித் தெரியலையாம்."

விட்காம் தொண்டையைச் செருமினார். "டிஷ்யூ பேப்பரை வெச்சு வகுப்பை நிறுத்த முடியாதுங்க. முறையான ஆய்வுச் சான்று இருக்கு. தவிர, இன்னொரு டி.ஏ. அதே அறையில அதே சோதனையை முடிச்சுக் கொடுத்தாரு. அவருக்கு ஒண்ணும் ஆகலை. இவங்களுக்கு மட்டும் என்ன?"

கதவு தட்டும் சத்தம் கேட்டது. டோபென்னா நின்றிருந்தான். பூட்ஸிலிருந்து பனி உருகிக் கம்பளத்தில் சொட்டியது. கையில் ஒரு அட்டைப் பெட்டி.

"இது தனிப்பட்ட விசாரணை" என்றார் பிரைஸ் அம்மையார்.

"தெரியும்மா. இன்னொரு டி.ஏ.ன்னு வெளிய கேட்டுச்சு. அது நான்தான்."

"யார் சார்பா வந்திருக்கீங்க?"

டோபென்னா பெட்டியின் மேலிருந்த அட்டையை எடுத்து ரெமியிடம் நீட்டினான். உறுப்பினர் அட்டை. கையெழுத்துப் போட்டிருந்தது. "சங்க உறுப்பினரா வந்திருக்கேன்."

"எப்பலேருந்து?"

"இந்தக் கதவுக்கு வெளிய நாற்காலியில உட்கார்ந்ததுலேருந்து."

ரெமி டோனட்டைக் கீழே வைத்தான். பிறகு மிகச் சாதாரணமாக, மணி கேட்பவன் போல, "அன்னிக்கு உன்னைக் கூப்பிட்டப்ப என்ன சொன்னாங்க?" என்றான்.

"ஹாலினாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்குப் போயிட்டான்னு சொன்னாங்க."

"ஒருத்தர் மறுத்த வேலையை இன்னொருத்தர்கிட்ட கொடுத்தா, முதல் ஆள் ஏன் மறுத்தார்னு எழுத்துல சொல்லணும். சட்டம். எழுத்துல ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் வரலை. ஆனா கண்ணாடி வழியா இவளைப் பார்த்தேன்." டோபென்னா ஹாலினா பக்கம் திரும்பினான். "பார்த்துட்டுத் திரும்பிக்கிட்டேன். பத்து நாளா அதுதான் தொண்டையில நிக்குது. அன்னிக்கு ராத்திரி முழுக்க இருமல் வேற."

ஹாலினாவுக்குக் கண் நிறைந்தது. அவளுக்கு அவன்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது, பாதி போயிற்று.

டோபென்னா பெட்டியைத் திறந்தான். உள்ளே பதினெட்டுச் சோதனை அறிக்கைகள். ஹாலினாவின் வகுப்பைத் திருத்தும் வேலையும் அவன் தலையில்தான் விழுந்திருந்தது. பேராசிரியர்கள் ஆய்வகப் பாடத்தை வகுப்பார்கள், அட்டவணை போடுவார்கள், அட்டவணைக்காகக் கத்துவார்கள். மாணவர்களின் அறிக்கையை மட்டும் படிக்க மாட்டார்கள். அதைப் படிக்கத்தானே டி.ஏ. இருக்கிறார்கள். விட்காமுக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கனவிலும் தோன்றியிருக்காது.

டோபென்னா முதல் தாளைப் படித்தான். "'அறை வெப்பம் எட்டு டிகிரி. ஹூட் காகிதம்: நேராகத் தொங்கியது. ஜன்னலைத் திறந்ததும் என் முகத்தை நோக்கி ஆடியது.'" அடுத்தது. "'இரண்டு ஐம்பதுக்கு டி.ஏ. இருமத் தொடங்கினார். எனக்கும் தலைவலி.'" அதற்கடுத்தது. "'குளிர்கோட்டுக்கு மேல் ஆய்வகக் கோட் அணிந்திருந்தேன். காகிதம் அசையவில்லை. படிகங்கள் மிக அழகாக வந்தன, அறை உறைந்திருந்தது காரணமாக இருக்கலாம்.'"

"எத்தனை பேர் காகிதத்தைப் பத்தி எழுதியிருக்காங்க?" என்றார் பிரைஸ் அம்மையார்.

"பதினெட்டுல பதினெட்டும். எழுதலைன்னா இவ ஒரு மார்க் வெட்டிடுவாளே."

ஹாலினாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மைனஸ் ஒண்ணு, மைனஸ் ஒண்ணு என்று முதுகுக்குப் பின்னால் திட்டிய பிள்ளைகள், அவள் இல்லாத அறையில், கை விறைத்துப் போயிருந்த நிலையிலும் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார்கள். அவளுக்கு யாரும் அதுவரை கொடுக்காத சான்றிதழ் அது.

பிரைஸ் அம்மையார் பத்து நிமிட இடைவேளை கேட்டார். விட்காமும் அவரும் உள்ளறைக்குப் போய், ஒரு தாளோடு திரும்பி வந்தார்கள். ஹாலினா கையெழுத்திட்டால் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் கோப்பிலிருந்து போய்விடும். தாளில் இருந்தது இவ்வளவுதான்: "கடந்த செவ்வாய்க்கிழமைக்கு முந்திய செவ்வாயன்று ஆய்வகக் காற்றோட்டம் குறித்து இரு தரப்பினருக்குமிடையே தகவல் குழப்பம் ஏற்பட்டது. அது நட்புறவோடு தீர்க்கப்பட்டது."

ரெமி அவள் காதருகே குனிந்தான். "கோப்பு சுத்தமாயிடும். ஏப்ரல்ல உன் பேரு பட்டியல்ல வரும். போட்டாலும் நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். போடலைன்னா மேல்முறையீடு, மாசக்கணக்கா இழுக்கும். உன் இஷ்டம்."

ஹாலினா தாளைப் பார்த்தாள். ஏப்ரல் பட்டியல் கண் முன்னால் நின்றது. வேண்டாம் என்று சொல்ல அவள் ஒன்றும் பணக்கார வீட்டுப் பெண் இல்லை. ஆனால் என்ன குழப்பம்? அவள் சொன்னது தெளிவாகச் சொன்னாள், நேரத்தோடு எழுதியும் வைத்தாள். டோபென்னாவிடம் சொன்ன பொய் குழப்பமா? பதினெட்டுப் பிள்ளைகளின் தலைவலி நட்புறவா? இதில் கையெழுத்துப் போட்டால் அடுத்த முறை காகிதம் தொங்கும்போது அதுவும் குழப்பம் என்றுதான் ஆகும்.

பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். ரெமி கையெழுத்துக்குத்தான் என்று நினைத்துக் காபியை எடுத்தான். அவள் தாளின் ஓரத்தில், மாணவர்களுக்கு எழுதும் அதே கையெழுத்தில், அதே அலட்சியமில்லாத நிதானத்தோடு எழுதினாள்: "நிலை குறிக்கப்படவில்லை: -1." பிறகு தாளை மேசையின் குறுக்கே தள்ளினாள்.

"திருத்தி எழுதிட்டு வாங்க. அப்ப கையெழுத்துப் போடறேன்."

ரெமிக்குக் காபி புரையேறியது. விட்காமின் முகம் சிவந்தது. "இது என்ன திமிர்? நீ யார்கிட்ட..."

"ஒரு நிமிஷம், டாக்டர்." பிரைஸ் அம்மையார் சிவப்பு எழுத்தை நிதானமாகப் படித்தார். அறிக்கைகளின் அடுக்கைப் பார்த்தார். பிறகு, இத்தனை நாளில் ஒருவரும் விட்காமிடம் நேராகக் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"அன்னிக்கு நீங்க உள்ள போனப்ப காகிதம் எப்படி இருந்துச்சு?"

விட்காம் ஜன்னலைப் பார்த்தார். டோனட் தட்டைப் பார்த்தார். பதினெட்டு அறிக்கைகளைப் பார்த்தார். நாற்பது வருஷமாக வேதியியல் படித்த மனுஷன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல கடைசியில் நாக்கு வரவில்லை.

"தொங்கிட்டிருந்துச்சு" என்றார்.

பிரைஸ் அம்மையார் புதிய தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"மணியையும் போடுங்க" என்றாள் ஹாலினா. "ஒண்ணு நாப்பத்திரண்டு."