நளினி மறைத்த வலி

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் நளினி அன்று காலை ஸ்டூலின் விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்து ஒயர்களைச் சோதித்துக்கொண்டிருந்தாள். நேராக உட்கார்ந்தால் தொடையிடுக்கு எரிந்தது. சூப்பர்வைசரிடம் முதுகுவலி என்றாள்.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு பெண்ணுறுப்பின் உள் இதழ்கள் முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தன. ஒன்று மற்றதைவிட நீளம். கணவன் புவனேஸ்வரன் ஒருநாள், "ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்டான். அன்றிலிருந்து அவள் விளக்கை அணைத்த பிறகே அவனருகில் போனாள். பிறகு அதுவும் நின்றது. நான்கு வருடங்களில் அழுகைகூட வற்றிவிட்டது.

போன மாதம் போனில் விளம்பரம் பார்த்து, இதழ்களைச் சுருக்கும் என்ற களிம்பை வரவழைத்துப் பூசினாள். தோல் வெந்து வீங்கியது. சிறுநீர் கழிக்கவே பயந்தாள். அன்று மதியம் கழிப்பறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளை, உடன் வேலை செய்யும் மங்களம்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் தேவிஸ்ரீ பரிசோதித்தார். அவர் முகம் சுளிப்பார் என்று நளினி காத்திருந்தாள். அவர் சுளிக்கவில்லை.

"வீக்கம் அந்த க்ரீமாலதான்கா. நிறுத்திட்டு மருந்து போட்டா ஆறிடும். இதழ் பெருசா இருக்கிறது நோய் இல்ல. சிலருக்குப் பிறவியிலேயே அப்படி, சிலருக்குப் பிள்ள பெத்தா, வயசானா மாறும். ரெண்டும் ஒரே அளவா இருக்கணும்னும் இல்ல."

உரசி வலித்து, நடக்கவோ உட்காரவோ தொல்லையாக இருந்தால் மட்டும் நிபுணரிடம் காட்டி அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம் என்றார். திடீரென்று ஒரு பக்கம் வீங்கினாலோ, கட்டியோ புண்ணோ வந்தாலோ தாமதிக்காமல் வரச் சொன்னார்.

நளினி தலையாட்டினாள். நிம்மதி வரவில்லை. மருந்தையும் மூன்று நாள் மருத்துவ விடுப்புக்கான எம்.சி.யையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மாலையில் புவனேஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அவளருகில் வந்து உட்கார்ந்தான்.

"நான் அப்படிக் கேட்டதே ஞாபகம் இல்ல நளினி."

அவளுக்குக் கோபம் வரவில்லை. மருந்து உறையை மடித்தபடி சொன்னாள்:

"பல்லு வலிச்சா மறுநாளே டாக்டர்ட்ட போறோம்லா. இதுவும் உடம்புதான். வெக்கப்பட்டு நாலு வருஷம் மூடி வச்சேன். இல்லாத நோய்க்கு மருந்து போட்டு, நோயை வரவழைச்சதுதான் மிச்சம்."