எதிரி வீட்டுத் தாயத்து

அறுவை சிகிச்சைக்கு ஏழு மணி நேரம் ஆகும் என்று சொல்லி ஃபுமியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் கையில் இருந்த சிறு பட்டுப் பையை நர்ஸ் வாங்கி, கணவர் ஷிகேஹருவிடம் கொடுத்தாள். அதில் நெய்திருந்த பெயரைப் படித்ததும் தேள் கொட்டியது போல உதறி நாற்காலியில் போட்டார்.

நரிதா கோயில் தாயத்து! கண்டா வட்டாரத்தில் பிறந்தவன் எவனும் அந்த வாசலை மிதிக்க மாட்டான். மசகாதோ என்ற வீரர் அந்தக் காலத்துச் சக்கரவர்த்தியை எதிர்த்து வாளெடுத்தபோது, மசகாதோவின் தலை உருள வேண்டும் என்று அரண்மனைக்காரர்கள் நெருப்பு வளர்த்து வேண்டிக்கொண்டது அந்த நரிதா சாமியிடம்தான். தலையும் உருண்டது. ஆயிரம் வருஷம் ஆனால் என்ன, கண்டாவில் மசகாதோதான் சாமி. கூரைக்கு ஓடு வேய்கிற ஷிகேஹரு தினமும் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏணியில் கால் வைப்பார்.

“இதை யாரு அவகிட்ட குடுத்தது? நீதானே?” என்று மைத்துனி கினுவே மேல் பாய்ந்தார். “இன்னைக்குப் போயா சாமிக்குக் கோபம் மூட்டுவீங்க?”

“கத்தாதீங்க அத்தான். அது அக்காவுக்கு இல்ல, உங்களுக்கு.”

“எனக்கா?”

“வருஷப் பிறப்புக்கு என் வீட்டுக்கு வர்றதாச் சொல்லிட்டு, முப்பது வருஷமா அங்கதான் போறா. தாயத்தை வாங்கிட்டு வந்து உங்க வேலைக் கோட்டு உள்துணியில வச்சுத் தைச்சுடுவா. இந்த வருஷத் தாயத்தைத் தைக்கிறதுக்குள்ள படுத்துட்டா. ஓட்டுல சறுக்குனீங்களே, அன்னைக்கு உங்களைப் பிடிச்சது யாருன்னு நெனச்சீங்க?”

அன்றைக்கு அவர் மசகாதோவுக்கு ஒரு பீப்பாய் சாக்கே மது வைத்து நன்றி சொல்லியிருந்தார்.

கோபமா வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை. பயம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார்.

“எனக்குத் தலை சுத்துது அத்தான். எங்கயாவது போயிட்டு வாங்க, நான் இருக்கேன்.”

முதலில் கண்டாவில் மசகாதோ கோயிலுக்குப் போனார். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டினார். “எசமான், இன்னைக்கு ஒரு நாள் அந்தப் பக்கம் பாக்காதீங்க. கோபம்னா என் தலையில இறக்குங்க, அவளை விட்டுடுங்க.”

பிறகு நரிதாவுக்கு ரயில் ஏறினார். இடம் காலியாக இருந்தும் வழி முழுக்க நின்றுகொண்டே போனார்.

நரிதாவில் பழக்க தோஷத்தில் படபடவென்று கை தட்டிவிட்டார். புத்தர் கோயிலில் இது என்ன கூத்து என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காதெல்லாம் சுட, கைகளைச் சேர்த்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

“என்னை உங்களுக்குத் தெரியாது. நான் எதிரி வீட்டு ஆளு,” என்றார். “ஃபுமியைத் தெரியும். முப்பது வருஷமா வர்றா. எனக்காக மட்டும்தான் கேட்டிருப்பா. இன்னைக்கு அவளால வர முடியலை.”