கோலி தாண்டாத மூலை

லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலைக்காலம் முழுக்க ஏறி இறங்கிய தூரத்தைச் சேர்த்து வைத்திருந்தால் நிலவுக்குப் போய் ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். பக்கவாட்டில் மட்டும் ஓரடி நகர்ந்ததில்லை. அதனால்தான், பேத்தியின் வகுப்பில் ஒரு கோலி சுவரோரமாக வளைந்து நெளிந்து ஓடப்போகிறது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றேன்.

பேத்தியை எல்லோரும் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். உருவமும் அப்படி, வாயும் அப்படி. இரண்டாம் வகுப்பு. அவளுடைய பள்ளிக்கூடம் இருக்குமா போகுமா என்பது அந்த மாதக் கடைசியில் தெரிந்துவிடும். இன்ஜினீயர் வந்து பார்த்துக் கட்டிடம் தாங்கும் என்றால் பள்ளி நடக்கும். தாங்காது என்றால் பூட்டு. பிள்ளைகளைத் தெருவாரியாகப் பிரித்துத் திசைக்கொரு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். குண்டூசி ஒரு பக்கம், அவளுடைய உயிர்த் தோழன் சவுண்டு இன்னொரு பக்கம்.

"சவுண்டு இல்லாத ஸ்கூலுக்கு நான் போகவே மாட்டேன் தாத்தா. அங்க எனக்காக யாரு கத்துவாங்க?"

நியாயமான கேள்வி. சவுண்டு "உள்ளேன் டீச்சர்" என்றால் அடுத்த தெருவில் தூங்குகிறவர்களும் எழுந்து உட்கார்ந்து கை தூக்குவார்கள்.

சுவரில் குழாய்களை ஒட்டி அதற்குள் கோலியை ஓடவிடும் கோலிப் பாதை டீச்சரின் யோசனை. வருகிற இன்ஜினீயர் அதைப் பார்த்து மனம் இளகிவிடுவார் என்று நம்பினார். வேறு எதை நம்புவது? வகுப்பின் மூலையில், இரண்டு சுவரும் சேருமிடத்தில், ஒரு விரிசல் இருந்தது. அதன்மேல் விலங்குகள் சார்ட்டை ஒட்டி வைத்திருந்தார். யானைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

கடையில் எதையும் வாங்கக் கூடாது, தூக்கிப் போடுகிற பொருளில்தான் செய்ய வேண்டும் என்று விதி. மறுநாளே எங்கள் தெருவில் பஞ்சம் வந்துவிட்டது. துணிக்கடைக்காரர் துணி சுற்றுகிற அட்டைக் குழாயை மார்போடு அணைத்துக்கொண்டுதான் வியாபாரம் பார்த்தார். ஷாம்பு பாட்டில் காலியாகும்வரை குண்டூசிக்குப் பொறுமை இல்லை. தெருநாய்களுக்கெல்லாம் தேய்த்துவிட்டாள். ஒரு வாரத்துக்கு எங்கள் பக்கத்து நாய்கள் மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்துக்கொண்டு திரிந்தன, ஒன்றும் குரைக்கவில்லை.

பெரியவர்கள் கை படக்கூடாது என்று இன்னொரு விதி. என்னை ஏணியாக மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். தோளில் ஏறி நின்று, காதைப் பிடித்துத் திருப்பி ஓட்டினார்கள். அலமாரி உச்சியில் தொடங்கி, பின்சுவரில் இறங்கி, யானையின் காலடியில் மூலை திரும்பி, பக்கச் சுவரில் ஓடி, பிஸ்கட் டின்னில் விழ வேண்டும். முதல் நாளே விழுந்தது. டங்! சவுண்டு போட்ட கூச்சலில் என் பொய்ப்பல் இடம் மாறியது.

மறுநாள் காலையில் கோலி மூலையிலேயே கீழே விழுந்தது. இரண்டு குழாய்க்கும் நடுவில் நூலளவு இடைவெளி.

"நீதான்டா இடிச்சிருப்ப!"

"நான் கிட்டவே போகல! நீ தும்மினல்ல, அதுல நகர்ந்திருக்கும்!"

சோப்பு டப்பாவைக் கிழித்து ஒரு அட்டை செருகினார்கள். கோலி ஓடியது. அடுத்த நாள் காலையில் மறுபடி விழுந்தது. இன்னொரு அட்டை. அதற்கடுத்த நாளும் அதே கதை. தினம் ஒரு குற்றவாளியை நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன்: எலி, பல்லி, பசை, பக்கத்து வகுப்பு. பிள்ளைகள் சளைக்கவில்லை. டீச்சர் மட்டும் அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

இன்ஜினீயர் வந்தார். தூக்கம் போதாத முகம். வெளியே சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், தலையாட்டினார். உள்ளே வந்ததும் டீச்சர் யானைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். பிள்ளைகள் கோலியை விட்டார்கள். அலமாரி, பின்சுவர், மூலை, பக்கச் சுவர், டங்! மனிதர் கைதட்டிவிட்டார். "இன்னொரு தடவை விடுங்க" என்றார். முழங்காலில் உட்கார்ந்து பார்த்தார்.

"பூச்சு நல்லாத்தான் இருக்கு டீச்சர். ரிப்பேர் பண்ணாப் போதும்னு எழுதிடலாம்னு நினைக்கிறேன்."

டீச்சர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"ஆமா, இந்த மூலைல மட்டும் ஏன் இவ்வளவு அட்டை?"

குண்டூசி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தாள். "தினம் காலைல இங்க கேப் வந்துடும் சார். தினம் ஒண்ணு வைப்போம். பழசை எடுக்கவே மாட்டோம்."

"நேத்து ரெண்டு வச்சோம் சார்!" என்று முழங்கினான் சவுண்டு.

அட்டைகள் அகராதி மாதிரி தடித்துப்போயிருந்தன. அவர் அதன்மேல் விரல்களை வைத்து அளந்தார். டீச்சரை மெதுவாக நகரச் சொல்லி, சார்ட்டின் ஓரத்தைத் தூக்கினார். அவர் கை மணிக்கட்டுவரை சுவருக்குள் போனது.

"பசங்களா, பையை எடுத்துக்கிட்டு வெளிய வாங்க. ஓடக்கூடாது."

"பிரைஸ் வெளியவா சார்?" என்று கேட்டாள் குண்டூசி.

மதியத்துக்குள் பூட்டிவிட்டார்கள்.

கோலிப் பாதையையாவது தரும்படி பிள்ளைகள் கேட்டார்கள். அதுவும் கிடையாது என்றார் இன்ஜினீயர். சுவர் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க அது அங்கேயே வேண்டுமாம். புதுப் பள்ளிகளுக்குப் போவதற்கு முந்தின நாள் ஜன்னலுக்கு வெளியே, கயிறு கட்டிய தூரத்தில் நின்று பார்த்தோம். தலையில் ஹெல்மெட்டோடு உள்ளே அவர் மட்டும். அட்டைகளையெல்லாம் உருவி எடுத்திருந்தார். கோலியை விட்டார். மூலையில் விழுந்தது. ஸ்கேல் வைத்து அளந்தார்.

"அட்டை வைங்க சார்! அட்டை!" என்று சவுண்டு தொண்டை கிழியக் கத்தினான்.

"வைக்கக் கூடாதுடா" என்று உள்ளிருந்து பதில் வந்தது. கோலியைத் தேடி எடுத்து மறுபடி விட்டார். மறுபடி விழுந்தது.

சவுண்டின் அம்மா அவன் கையைப் பிடித்து எதிர்த் திசையில் கூட்டிக்கொண்டு போனார். தெருமுனைவரை அவன் கத்திக்கொண்டே போனான்.

"நான் அட்டையைக் காட்டாம இருந்திருந்தா, ஸ்கூல் இருந்திருக்குமா தாத்தா?"

"இருந்திருக்கும். ஒரு நாள் உங்க தலை மேல விழுந்திருக்கும்."

"எப்போ?"

"யாருக்குத் தெரியும்?"

சவுண்டு போன தெருமுனையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ அதுவரைக்கும் சவுண்டு பக்கத்துல இருந்திருப்பான்ல?"