ஒன்பதிலிருந்து ஆறுவரை அக்காவிடம்

எனக்கு வேலை செய்யப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். வேலை பிடிக்கும், தொடங்குவதுதான் பிடிக்காது. பள்ளிப் பாடப்புத்தகங்களுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்துகிறவன் நான். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் விடைப்பக்கத்தைக் கணினியில் திறந்த பிறகுதான் மின்விசிறி இறக்கையில் இருக்கும் தூசி கண்ணில் படும். அதைத் துடைத்து முடித்தால் கால் நகம். நகத்தை வெட்டி முடித்தால் ஃபோன். ஃபோனைக் கையில் எடுத்துவிட்டால் அவ்வளவுதான். முகம் தெரியாத ஒரு மனிதர் பழைய தையல் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவதை மத்தியானம்வரை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். எனக்கும் தையலுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது.

பதிப்பகத்தில் என் மேலதிகாரிக்குக் கமா சார் என்று பட்டப்பெயர். ஒரேயொரு காற்புள்ளிக்காக ஒரு நூலாசிரியரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியவர். நான் மூன்று தடவை தாமதமாக அனுப்பியபோதும் கத்தினார். நான்காவது தடவை கத்தாமல் பேசினார். தலைமை அலுவலகத்தில் ஒரு நிரந்தர வேலை காலியாகப்போகிறதாம். என் கண்ணுக்குத் தப்பி ஒரு பிழையும் போகாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் நான்கு புத்தகங்களை இரண்டு மாதத்தில், சொன்ன சொன்ன தேதியில் கொடுத்துக் காட்டினால்தான் என் பெயரை மேலே சொல்வாராம். இல்லையென்றால் இப்போது இருக்கிற துண்டு வேலையும் போய்விடும் என்றார். எட்டு வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த வேலை அது. அந்த அலுவலகம் வேறு ஊரில், ஒரு நாள் ரயில் தூரத்தில் இருந்தது.

அன்றைக்கு அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். கல்யாணம் முறிந்து, மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தவள். நான் எப்படிச் சாக்குப்போக்குச் சொல்லிப் பகலை ஓட்டுகிறேன், வேலை முடிந்துவிட்டது என்று எத்தனை பொய்க் கடிதம் எழுதியிருக்கிறேன் என்றெல்லாம் வேறு யாரிடமும் சொன்னதில்லை. வெட்கக்கேடு. அவளிடம் சொன்னேன், ஏனென்றால் அவள் அக்கா.

யோசனை என்னுடையதுதான். காலை ஒன்பது மணிக்கு ஃபோனை அவளிடம் கொடுத்துவிடுவேன், அவள் கைப்பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துப் போய்விடுவாள், மாலை ஆறு மணிக்குத் திருப்பித் தருவாள். யாராவது கூப்பிட்டால் அவளே பேசி, வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சொல்லவேண்டும். நான் காலில் விழுந்து கேட்டாலும் இடையில் தரக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

முதல் வாரம் பைத்தியம் பிடித்தது. ஃபோன் இல்லாவிட்டால் என்ன, சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். உப்பு டப்பாவில் 'உப்பு' என்று எழுதியதைப் பார்த்து எனக்கே அசிங்கமாகிப் போய்த்தான் நாற்காலிக்குத் திரும்பினேன். இரண்டாவது வாரம் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடிந்தது. பிறகு மூன்று மணி நேரம். முதல் புத்தகத்தைச் சொன்ன தேதியில் அனுப்பினேன். இரண்டாவதை ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டு, நம்ப முடியாமல் போய்க் குளித்தேன். மூன்றாவதில் பக்க எண் மாறியிருந்ததைக்கூடப் பிடித்தேன். நான்காவதை வெள்ளிக்கிழமை மாலை அனுப்பி முடித்தபோது, எனக்கு ஒரு மாலை போட்டால்கூட ஒப்புக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை காலை கமா சாரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நான்கும் நன்றாக இருந்தன, அடுத்த வாரத்திலிருந்து தலைமை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர் எனக்குப் புத்தகங்களை அனுப்புவார், அவரோடு ஒத்துழைக்கவும் என்று இரண்டே வரி. மூன்று தடவை படித்தேன். அன்று அக்காவுக்கு விடுமுறை, அதனால் ஃபோன் என்னிடமே இருந்தது. கூப்பிட்டேன்.

கமா சார் தயங்கித் தயங்கித்தான் பேசினார். எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே இடம் காலியாகிவிட்டதாம். இரண்டு புத்தகங்கள் நேரத்துக்கு வந்திருந்ததால் போன மாதம் பதினெட்டாம் தேதியே என்னைக் கூப்பிட்டாராம்.

"உங்க அக்காதான் எடுத்தாங்க. அவங்க எல்லாத்தையும் மனசுவிட்டுச் சொன்னாங்க. ஆள் பக்கத்துல இருந்து காவல் காத்தாதான் நீங்க வேலை செய்வீங்க, தனியா அனுப்பினா சிபாரிசு பண்ணின என் பேரும் கெட்டுப்போகும்னு. கூடப் பொறந்தவங்களே சொல்றப்போ நான் என்ன பண்ண முடியும், தம்பி?"

பதினெட்டாம் தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று மாலைதான் அக்கா, முதுகு வலிக்கிறது என்கிறாயே என்று என் நாற்காலிக்கு ஒரு மெத்தை வாங்கி வந்தாள். இப்போதும் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். நெருப்பில் உட்கார்ந்தவன்போல எழுந்தேன்.

அக்கா பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கமா சாரிடம் பேசினாயா என்று கேட்டேன். கையிலிருந்த தலையணை உறையைக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டிவிட்டுத்தான் திரும்பினாள்.

"பேசினேன். நான் சொன்னதுல எது பொய்?"

அதுதான் என்னைக் கொன்றது. பொய் ஒன்றுமே இல்லை. நானே என் வாயால் கொடுத்த விஷயங்கள்தான், ஒன்று விடாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எதிரி யாராவது செய்திருந்தால் இரண்டு நாள் திட்டித் தீர்த்திருப்பேன். இவள் நம்பவைத்துக் கழுத்தை அறுத்தாள். அதற்குப் பிறகும் ஒரு மாதம், தினமும் ஆறு மணிக்கு ஃபோனை நீட்டி, இன்றைக்கு எத்தனை பக்கம் என்று கேட்டாள். நானும் பள்ளிக்கூடப் பையன்போலப் பெருமையாகச் சொன்னேன். கிடைக்காத வேலைக்கு நான் உழைப்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"ஏன்க்கா?" என்றேன்.

அவள் காலி வாளியைப் பார்த்தபடி சொன்னாள். "நீ போயிட்டா இந்த வீட்ல நான் மட்டும் என்னடா பண்றது? ராத்திரி கதவைத் தாழ் போட்டுட்டு, நாலு சுவத்தைப் பார்த்துட்டு இருக்கணுமா? கல்யாணம் முறிஞ்சப்புறம், இங்க வர்றதுக்கு முன்னாடி மூணு மாசம் நான் தனியா இருந்தது எப்படின்னு உனக்குத் தெரியாது."

"அதை என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா இருந்திருப்பியா?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அவள் அழுது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இன்றைக்கு முடிவு செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளித் தள்ளி, கமா சார் சலித்துப்போய் வேறு ஆளை எடுக்கும்வரை நான் இங்கேயே இருந்திருப்பேன். அப்புறம் விதி என்று சொல்லிக்கொண்டு மின்விசிறியைத் துடைத்திருப்பேன். அவள் கமா சாரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவே வேண்டாம். நான் இருந்திருப்பேன், அக்கா.

அவளிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினேன். சாப்பிட்டுவிட்டுப் போடா என்றாள், திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு தெரு தள்ளி, மாடியில் வாடகைக்கு ஓர் அறை என்று பலகை தொங்கியது. ஒரு ஜன்னல், ஒரு மேசை, குளியலறைக் குழாயில் கொஞ்சம் கசிவு. யோசித்து நாளைக்குச் சொல்லுங்கள் என்றார் வீட்டுக்காரர். யோசிக்க ஒன்றுமில்லை, இன்றைக்கே வருகிறேன் என்றேன்.