மச்சத்துக்குப் பக்கத்தில்

"செருப்பு கழண்டு விழுந்ததுகூடத் தெரியாம லிஃப்ட்ல இருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கே, அதைச் சொல்லுன்னா..." "வார் லூஸுடி, பழைய செருப்பு..." "பழசா? போன வாரம் நான்தான் வாங்கிட்டு வந்தேன்." "அப்ப நீ வாங்கினது சரியில்ல." "விளையாடாதக்கா, டாக்டர்கிட்ட நீயே சொல்றியா, இல்ல நான் சொல்லட்டுமா?" "நீ வாயைத் திறந்தே, நான் எழுந்து போயிடுவேன்." "எங்க போவே, ஒத்தைச் செருப்போடவா?"

எதிர் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரித்தால் உதட்டோரத்துப் புண் விரியும், அதனால் மூக்கால் மூச்சுவிட்டு அதை விழுங்கிக்கொண்டாள். தங்கை குனிந்து செருப்பை மாட்டிவிட்டாள், மாட்டியாயிற்று என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, கால் ஒன்றும் சொல்லவில்லை, காலுக்கு என்ன வந்தது, எப்போதும் கனமான சாக்ஸ் போட்டது போல... கைக்கும் அப்படித்தான், முதலில் நுனியில் மட்டும் எறும்பு ஊர்ந்தது, சரி, ஊரட்டும் என்றிருந்தாள், இப்போது எறும்பும் இல்லை. புற்றுக்கு முன்னால் ஏற்றினார்களே அந்தச் சிவப்பு மருந்து, அது தேவலை, வாந்தி எடுத்தாள், முடி கொத்துக்கொத்தாகப் போயிற்று, வாயெல்லாம் வெந்தது, எல்லாம் நாலு பேர் பார்க்கிற மாதிரி நடந்தது, பார்த்தவர்கள் ஐயோ பாவம் என்றார்கள். இந்த மருந்து சத்தம் போடாமல் வேலை செய்கிறது. தண்ணீர் குடித்தால் பழைய சாவியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது, சட்டைப் பொத்தானைத் தங்கைதான் போட்டுவிடுகிறாள், போட்டுவிடும்போதே முகத்தைப் பார்க்கிறாள், பார்க்காதே என்றால் பார்க்கலையே என்கிறாள்.

சொன்னால் என்ன? சொன்னால் மருந்தைக் குறைப்பார்கள். மருந்து ஏற்றும்போது பக்கத்து நாற்காலியில் இருந்த கண்ணாடிக்காரிக்கு அப்படித்தானே குறைத்தார்கள், "மரத்துப் போச்சுன்னேன், உடனே கொறைச்சுட்டாங்க, இப்பதான் மனுஷியா இருக்கேன்" என்று ஆரஞ்சு உரித்தபடி சொன்னாள், ஒரு சுளையை இவளிடம் நீட்டினாள். அடுத்த தடவை அந்த நாற்காலியில் வேறு யாரோ. நாள் மாற்றியிருப்பார்கள். வேறு ஊருக்குப் போயிருப்பாள், மகள் வீட்டுக்கு, மகள் இருப்பதாகச் சொன்னாளே... சொன்னாளா? நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஏன் கேட்கவில்லை? கேட்டால் பதில் சொல்லியிருப்பார்கள், அதனால்தான். குறைத்த மருந்துக்குச் சாகாத புற்றணு ஒன்றே ஒன்று, ஏதோ ஒரு மூலையில், கடுகைவிடச் சின்னதாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? குறைக்காமல் விட்டால் விரல் போகும். போகட்டுமே, உயிரைவிட விரல் பெரிதா? பெரிதில்லை... ஆனால் எந்த விரல். வலது கை ஊசி பிடிக்கிறதோடு சரி, நரம்பைக் கண்டுபிடிப்பது இடது ஆள்காட்டி விரல், ரத்தம் எடுக்கிற லேபில் இத்தனை வருஷமாக அந்த விரலுக்குத்தான் சம்பளம். கொழுகொழு குழந்தைக் கையில், வற்றிப்போன கிழவர் கையில், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரலை வைத்து மெல்ல அழுத்தினால் உள்ளே ஒன்று துள்ளித் திரும்பும், இதோ இருக்கேன் என்று. "அந்த அக்கா இல்லையா, அப்ப நாளைக்கு வரோம்" என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. இந்த விரலோடு திரும்பிப் போனால்... டியூபில் பேர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஒட்ட வருமா? ஸ்டிக்கரின் ஓரம் விரலுக்குப் பிடிபடுமா?

ரத்தம் எடுக்கக் கூப்பிட்டார்கள். மார்பில் ஆபரேஷன் ஆனது இடது பக்கம், அந்தக் கையில் குத்தக் கூடாது, மிச்சம் வலது கை ஒன்றுதான், அதிலும் ஏறின மருந்தெல்லாம் ஏறி நரம்புகள் கயிறு மாதிரி கறுத்துக் கிடந்தன. நர்ஸ் ரப்பர் பட்டையைக் கட்டினாள், தட்டினாள், குத்தினாள், வரவில்லை, உள்ளேயே ஊசியைத் திருப்பினாள், அப்படித் திருப்பாதேம்மா என்று இவள் சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாள், நர்ஸ் இன்னோரிடத்தில் குத்தினாள், அதுவும் இல்லை. நர்ஸுக்கு மூக்கு நுனியில் வேர்த்தது. "நீங்க இதே வேலைதானேம்மா, நீங்களே பாத்துச் சொல்லுங்களேன்." தங்கை கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் இவள் இடது கையை எடுத்து முழங்கை மடிப்பில் வைத்தாள், அழுத்தினாள்... ஒன்றுமில்லை. நகர்த்தி அழுத்தினாள். பஞ்சு மூட்டையின் மேல் இன்னொரு பஞ்சு. நரம்பு இல்லையா, விரல் இல்லையா? எது போயிற்று என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது, தெரிந்துகொள்ள இருந்ததே இந்த ஒன்றுதானே... அப்போதுதான் மடிப்போரத்து மச்சம் கண்ணில் பட்டது. லேபில் புதிதாக வருகிறவர்கள் பழகிக்கொள்ள இவள்தான் கையை நீட்டுவாள், பயப்படாதே, மச்சத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் உள்தள்ளிக் குத்து, தப்பாது என்பாள். விரலை அங்கே கொண்டுபோய் வைத்து, ஏதோ கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்து, "இங்க" என்றாள். நர்ஸ் குத்தினாள். ரத்தம் வந்தது.

"ஐயோ அக்கா." வெளியே வந்ததும் தங்கை அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள், கண்ணில் நீர், "பொட்டுன்னு கண்டுபிடிச்சிட்டியே, அந்தப் பொண்ணாலயே முடியல. நான்தான் சும்மா பயந்து உன்னைப் போட்டுப் படுத்திட்டேன். விரல் நல்லா இருக்கு, செருப்புதான் சரியில்ல. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், போதுமா?" போதும் என்றாள். அதைத்தானே காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்? பிறகு ஏன் நிம்மதி வரவில்லை... சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டேன் என்று இவ்வளவு வீம்பு பிடித்தது, எப்படியும் தங்கை சொல்லிவிடுவாள் என்ற தைரியத்திலா? தங்கை பாட்டில் தண்ணீரை எடுத்துக் கடகடவென்று குடித்தாள், காலையிலிருந்து அவள் ஒன்றும் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. அடியே, நீ நம்பிட்டியா, இவ்வளவு லேசா நம்பிட்டியா, என் மூஞ்சியைப் பாருடி, இப்ப பாரேன்... தங்கை பார்க்கவில்லை, பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள்.

ரிசல்ட் வந்து உள்ளே போனார்கள். டாக்டரம்மா பேப்பரைப் பார்த்தார், ரத்தத்தில் அணுக்கள் பரவாயில்லை, இன்றைக்கே ஏற்றிவிடலாம் என்றார். தூக்கம்? "தூங்கறதே இல்ல டாக்டர், ராத்திரியில அலமாரி அடுக்குறா" என்றாள் தங்கை. வாய்ப்புண்? "ஆறிட்டு வருது, நல்லா சண்டை போடுறா." டாக்டரம்மா சிரித்தார். தங்கை மடியில் பையை வைத்துக்கொண்டு, வேண்டுதல் பலித்தவள் போல உட்கார்ந்திருந்தாள். இவளுக்கு வாய்க்குள் சாவி கசந்தது, இப்போது சொல்லிவிடலாம், இல்லை, ஏற்றி முடிந்ததும் சொல்லலாம், இந்த ஒரு தடவை முழுசாக ஏறட்டும், கடுகு சாகட்டும், அப்புறம்... அப்புறமும் ஒரு தடவை இருக்குமே. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகே வந்தார், இடது கையை வாங்கி, மேசைமேல் விரித்து வைத்தார், கறுத்துப்போன நகங்களைப் பார்த்தார், கண்ணை மூடிக்குங்க என்றார். மூடினாள். இருட்டு. மச்சம் இல்லை, மடிப்பு இல்லை, தங்கை முகம் இல்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம், தங்கை பையின் ஜிப்பை இழுத்துவிடுகிற சத்தம். இன்னும் தொடவில்லை, தொடுவார், தொட்டால் தெரியாமலா போகும், காத்திரு, இன்னும் ஆரம்பிக்கவே இல்லை...

"சொல்லுங்கம்மா, எந்த விரலைப் பிடிச்சிருக்கேன்?"